அறிவின் மூன்று வாயில்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசற்காட்டில் பிறை மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை வந்தால் மக்கள் கண்மாய்க் கரையேறி மேல்வானத்தை நோக்குவர். மழை அரிதான இந்நாட்டில் வானம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். பிறை பற்றிய பேச்சுத்தான் தெளிவதில்லை. ஒருவர் கண்ணால் கண்டேன் என்பார். மற்றொருவர் கணக்குப்படி இன்று தெரியாது என்பார். மூன்றாமவர் வெளியூரிலிருந்து சேதி வந்துவிட்டது என்பார். ஒரே தெருவில் ஒரு வீட்டில் நோன்பும் மறு வீட்டில் பெருநாளுமாகக் கழிந்த ஆண்டினை நாமே கண்டிருக்கிறோம்.

இம்மூன்று பேச்சும் நம் மத்ரஸாக்களுக்குப் புதியன அல்ல. ஹிஜ்ரி 537இல் (கி.பி. 1142) மறைந்த இமாம் நஸஃபீ அவர்களின் 'அகாயித்' நூல், குறையற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு ஆகிய மூன்றையும் அறிவின் வாயில்களாக வகுக்கிறது. ஓதிய காலத்தில் மூன்றையும் வரிசையாக மனனம் செய்தோம். அவை ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டியவை என்பதை வரலாறே நமக்குப் பின்னர் உணர்த்தியது.

சென்னை வானாய்வுக்கூடத்தில் ஒருகாலத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் வெளியான 'கால சங்கலிதம்' என்னும் தம் நூலில் புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. அவ்விதிகளின் காரணமோ அவருக்குத் தெரியாது.

இதனை இகழ்வாரும் உளர், நாம் வியக்கிறோம். யாரோ வானைக் கண்டு, யாரோ கணித்து, ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த செல்வம் அது. முன்னோர் சொல் இன்றேல் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். ஆயினும் அந்த 52 நிமிடத்தைத் திருத்த அவருக்கு வழியில்லை. காரணம் மறந்துபோன விதியை எவ்வாறு திருத்துவது?

அதே நூற்றாண்டில் சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேறு வழி கண்டார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். வானில் காண்பதோடு ஒப்பிட்டுப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என வாதிட்டார். 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடப்பதை விளக்கும் சிறு நூலை உருது உட்படப் பல மொழிகளில் வெளியிட்டார். தாம் சொன்னதைத் தம் சொல்லுக்காக மட்டும் நம்பாமல், மக்கள் காரணம் அறிந்து வானத்திலும் பார்க்க வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? சொன்னவர் யார் என ஆராயாமல் எதையும் ஏற்காத ஹதீஸ் கலையைப் பயின்ற நமக்கு இது அந்நியமன்று.

ஒருநாள் நம் வகுப்பில், "பூமி உருண்டையா?" எனக் கேட்டோம். எல்லாரும் ஆம் என்றனர். "எப்படித் தெரியும்?" என்றதற்கு, "புத்தகத்தில் இருக்கிறது, ஹஸரத்" என்றான் ஒரு பிள்ளை. அவன் நிலை சோழி பரப்பிய கணிதரின் நிலையே. பிழை அவனுடையதன்று; ஓதிக்கொடுத்த நம்முடையது.

அடுத்த சந்திர கிரகணத்தன்று பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்றோம். நிலவின்மீது படர்ந்த நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைக் கண்டார்கள். அது யாருடைய நிழல் எனத் தமக்குள் வாதிட்டு, பூமியினுடையதே எனத் தேர்ந்தார்கள். புத்தகம் சொன்னது மெய்யென்று அதன் பின்னரே தலையசைத்தார்கள்.

பிறைக்காக வாதிடும் பெரியவர்களுக்கும் அக்கரையில் இடமுண்டு.