வேட்டைத் துவக்கும் காவல் துவக்கும்

புல்மோட்டை விவசாயி இரவில் பரணிலிருந்து வயல் காக்கிறார். அவருடைய துவக்கை வரலாற்றில் வைத்தே நாம் நோக்குதல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு யானைவேட்டை பொழுதுபோக்காயிருந்தது. 1845இல் இறந்த மேஜர் தோமஸ் றோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் புகழப்பட்டார். 1850களில் சாமுவேல் பேக்கர் வெளியிட்ட வேட்டைநூலில், பாய்ந்துவரும் யானையைச் சுட்டு உயிர்தப்பிய கதைகள் நிறைந்துள்ளன. ஆயின் அவ்வாபத்தைத் தேடிச் சென்றவர்கள் அவர்களே.

விவசாயியோ ஆபத்தைத் தேடிச் செல்வதில்லை. விளைந்த வயலை நாடி யானை வருகிறது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு உத்தரவுப்பத்திரம் வேண்டிற்று. சட்டம் யாவர்க்கும் பொதுவெனினும் அதன் சுமை வறியவர்மீதே அழுத்தமாக வீழ்ந்தது.

அண்மை ஆண்டுகளில் இலங்கையில் யானைகளால் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துள்ளனர். ஒருவருக்கு வீரவிளையாட்டான தற்காப்பு மற்றொருவருக்குச் சோற்றுப் பிரச்சினையாகும். இவ்வேறுபாடு வர்க்க வேறுபாடே என்பது எமது கருத்து.