பால் தாமதமானால் பால் இல்லை என்று பொருளல்ல: பருமனான தாய்மார் அறிய வேண்டியவை

குழந்தை பிறந்து இரண்டு நாளாகியும் தாய்க்கு மார்பு கனக்கவில்லை என்றால் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "இவ்வளவு உடம்பு இருந்தும் பால் இல்லையா?" என்று பார்க்க வருவோர் கேட்பதும், அன்று மாலையே பால்மாவு டின் வீட்டுக்கு வந்துவிடுவதும் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் பழகிப்போனவை.

உடல் பருமன் உள்ள தாய்க்குப் பால் பெருகுவது தாமதமாவதற்கு மருத்துவக் காரணம் உண்டு. அந்த இடைவெளியைக் கடக்கும் வழி தெரிந்தால், அவர்களில் பலர் நல்லபடியாகத் தாய்ப்பால் கொடுக்க முடியும்.

நம் சமூகத்திற்கு இது முக்கியமான செய்தி. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இது மிக அதிகம். பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு 30ஐத் தொட்டால் பருமன் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. ஆசியர்களுக்கோ 27.5 என்ற அளவிலேயே நோய் அபாயம் அதிகமாகிறது. 1.55 மீட்டர் உயரமுள்ள பெண்ணின் எடை 67 கிலோ என்றால் அவருடைய குறியீடு ஏறக்குறைய 27.9.

தாமதம் ஏன்?

கர்ப்ப காலத்திலேயே மார்பில் சீம்பால் உருவாகிவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று குறைகிறது. அதன் பிறகு புரோலாக்டின் ஹார்மோனின் வேலையால் இரண்டாம், மூன்றாம் நாளில் பால் பெருகுகிறது. 72 மணி நேரத்திற்குப் பிறகும் பெருகாவிட்டால் அதை மருத்துவர்கள் தாமதம் என்கிறார்கள்.

ராஸ்முசென், ஜோல்ஹீட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பால் குடிக்கும்போது எழ வேண்டிய புரோலாக்டின், எடை கூடிய தாய்மாருக்கு முதல் வாரத்தில் குறைவாகவே எழுந்தது தெரியவந்தது. பால் சுரப்பில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு என்பதால், கர்ப்பகால நீரிழிவும் தாமதத்தைக் கூட்டலாம். பருமனான பெண்களுக்கு அறுவைச் சிகிச்சைப் பிரசவம் அதிகம் நடப்பதால் முதல் பாலூட்டலும் தள்ளிப்போகிறது.

மார்பின் அளவுக்கும் பாலின் அளவுக்கும் தொடர்பில்லை. மார்பைப் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் கொழுப்பு; பாலைத் தருவது சுரப்பிகள்.

முதல் மூன்று நாள்

முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர் சீம்பாலே போதும். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக வருவதால் அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்தது அதுதான். சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானது.

• பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். அறுவைச் சிகிச்சை என்றால், தாய் விழிப்போடு இருக்கும் நிலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

• ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். பால் வெளியேறினால்தான் மீண்டும் சுரக்கும்.

• மார்பு பெரிதாக இருந்தால் மடியில் கிடத்துவது சிரமம். குழந்தையைக் கக்கத்தில் இடுக்கியது போல் பக்கவாட்டில் பிடிக்கலாம். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். மார்புக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தால் கனம் தெரியாது.

• குழந்தை சரியாகக் கவ்வவில்லை என்றால், சீம்பாலைக் கையால் பீய்ச்சிக் கரண்டியில் புகட்டலாம்.

போதுகிறதா என்று அறிவது எப்படி?

பிறந்த எடையில் சிறிது முதல் சில நாளில் குறைவது இயல்பு. 10 விழுக்காட்டை நெருங்கினால் கவனிக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் குறைந்தது ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். கறுப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். எழுப்பினாலும் எழாத தூக்கம், சிறுநீர் குறைவு, கூடிக்கொண்டே போகும் மஞ்சள் காமாலை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் சிலருக்குப் பால் போதாமல் போகலாம். நீரிழிவுள்ள தாயின் குழந்தைக்குச் சர்க்கரை அளவு இறங்கவும் கூடும். அப்போது மருத்துவர் சொல்லும் கூடுதல் பால் குழந்தைக்கு மருந்து. அது தாயின் தோல்வி அல்ல. புட்டிப்பால் கொடுக்கும் வேளைகளிலும் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துவந்தால் சுரப்பு நிற்காது.

பத்தியமும் பாலும்

சுறாப்புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவுதான். ஆனால் பால் அடிக்கடி வெளியேறாமல் உணவு மட்டும் சுரப்பைக் கூட்டிவிடாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. தாகத்திற்கு ஏற்பக் குடிக்க வேண்டும். உடம்பைக் குறைக்க இந்த நேரத்தில் பட்டினி கிடப்பதும் கூடாது.

முன்கூட்டியே பேசுங்கள்

கர்ப்பப் பரிசோதனைக்கு பிங்க் புத்தகத்தோடு கிளினிக் போகும்போதே, "என் எடைக்குப் பால் தாமதமாகுமா?" என்று தாதியிடம் கேட்டு வைக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் கடைசி வாரங்களில் சீம்பாலைப் பீய்ச்சிச் சேமிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அவர் அனுமதியின்றிச் செய்யக் கூடாது.

பிரசவத்திற்குப் பின் வீட்டுக்கு வரும் தாதி குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடாமல், ஒரு முறை பால் கொடுப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கணவரும் மாமியாரும் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த மூன்று நாளில் வீட்டு வேலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, "பால் இல்லையா?" என்ற கேள்வி தாயின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.