உதடும் குரலும்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. தெரிந்ததெல்லாம் வயரும் ஒலிபெருக்கியும்தான். ஆகவே, நான் செய்த ஒரு தவற்றையும், அதற்குப் பின்னால் இருக்கும் நூறாண்டு வரலாற்றையும் சொல்கிறேன்.

2009-ல் எங்கள் துறைப் பேராசிரியருக்குப் பிரிவு உபசார விழா. படத்தை வீடியோ கேமராவிலும், மைக் செட்டிலிருந்து ஒலியைத் தனி ரெக்கார்டரிலும் பதிவு செய்தேன். விடுதி அறையில் கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்தேன். தொடக்கம் கச்சிதம். கடைசியிலோ, சார் வாயை மூடிய பிறகும் குரல் வந்தது! "என்னடா மச்சான், சாருக்கே டப்பிங்கா?" என்று அறையே சிரித்தது. சரிசெய்யத் தெரியாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

இந்தச் சிக்கல் பேசும்படத்தை விடப் பழையது. 1913-ல் எடிசன் 'கினெட்டோஃபோன்' காட்டினார். கொட்டகையின் பின்புறம் புரொஜக்டர், முன்புறம் ஃபோனோகிராஃப். இரண்டையும் இணைத்தது கப்பிகளின் மேல் ஓடிய நீண்ட கயிறு. கயிறு கொஞ்சம் வழுக்கினால் போச்சு!

1926-ல் வார்னர் பிரதர்ஸின் 'வைட்டாஃபோன்' வந்தது. 16 அங்குல இசைத்தட்டும் புரொஜக்டரும் ஒரே மோட்டாரில் சுழன்றன. குறித்த இடத்தில் ஊசியை வைத்தால் பொருந்தும். ஆனால் பிலிம் அறுந்து நாலு பிரேம் போய்விட்டால் தட்டுக்கு அது எப்படித் தெரியும்? போன பிரேம்களுக்குப் பதில் அத்தனை கறுப்புப் பிரேம்களை ஒட்டித்தான் சமாளித்தார்கள்.

1930-களின் தொடக்கத்தில், ஒலியையே பிலிமின் ஓரத்தில் அச்சிடும் முறை வென்றது. படம் நின்று நின்று நகர வேண்டும்; ஒலி சீராக ஓட வேண்டும். அதனால் 35 மி.மீ. பிலிமில் ஒலி தன் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும். பிலிம் அறுந்தாலும், ஒட்டிய இடம் தாண்டியதும் தானாகப் பொருந்திவிடும்.

1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் டி.டி.எஸ். வந்தபோது ஒலி மறுபடி தட்டுக்கே போனது. ஆனால் இம்முறை பிலிமின் ஓரத்தில் நேரக்குறியீடு இருந்தது. அதைப் படித்துத் தட்டு சரியான இடத்துக்குத் தாவிவிடும். 1926-ன் கேள்விக்கு 67 ஆண்டுகள் கழித்து விடை! ஒன்றாகக் கிளம்பினால் மட்டும் போதாது. வழி நெடுக ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

என் கேமராவும் ரெக்கார்டரும் தத்தம் குவார்ட்ஸ் படிகத்தை நம்பின. ஒரு மணி நேரத்தில் கால் விநாடி வித்தியாசம். 14,400-ல் ஒரு பங்குதான். ஆனாலும் கண்ணும் காதும் விடுமா? ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலும், 125 மில்லி விநாடி பிந்தினாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பிந்துவது நமக்குப் பழக்கம்: 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் பத்தில் ஒரு விநாடி தாமதமாகத்தானே வருகிறது!

சென்ற ஆண்டு சார் காலமானார். அவர் மகள் அந்தப் பதிவைக் கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். முக்கியமானதைச் சொல்லுமுன் மேசையைத் தட்டுவது சாரின் வழக்கம். அவரிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் தட்டலைப் படத்திலும் ஒலியிலும் பொருத்தினேன். கடைசித் தட்டலும் பொருந்தும்வரை ஒலியைச் சுருக்கினேன். சினிமாக்காரர்களின் கிளாப் பலகை செய்யும் வேலையைச் சாரின் கை செய்தது.

தம்பி தங்கைகளே, பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒரு தடவை கை தட்டுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகு என்றால் நகர்த்தினால் போதும். பிசகு வளர்ந்துகொண்டே போனால் நீட்டவோ சுருக்கவோ வேண்டும்.

"அப்பா எதிர்ல உட்கார்ந்து பேசற மாதிரியே இருக்கு அண்ணா" என்றார் மகள். சார் இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டியது. அந்தத் தாமதத்தைச் சுருக்க மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.