இக்ரித்: இரண்டு வாரத் தவணை

இஸ்ரயேல் நாட்டுச் சட்டங்கள் அங்குள்ள அரபுக் குடிமக்களுக்கு ஓரவஞ்சனை செய்கின்றனவா? இல்லை என்போர், 1948 மே 14 அன்று வெளியான விடுதலை அறிக்கையைக் காட்டுவர். சமயம், இனம், பால் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் சம உரிமை என்று அது வாக்களித்தது. அரபு மக்களுக்கு வாக்குரிமை உண்டு. நாடாளுமன்றத்தில் உறுப்பினரும் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆயினும் கலிலேயாவின் வட எல்லையிலிருந்த இக்ரித் என்னும் சிற்றூரின் வழக்கை நாம் அறிந்திருத்தல் நலம்.

அவ்வூரார் மெல்கித் வழிபாட்டு முறையைச் சார்ந்த கத்தோலிக்கர். 1948 அக்டோபர் இறுதியில் இஸ்ரயேல் படை வந்தபோது அவர்கள் எதிர்க்கவில்லை. எல்லைப் பாதுகாப்பை முன்னிட்டு இரண்டு வாரம் மட்டும் வெளியே தங்குமாறு நவம்பரில் சொல்லப்பட்டது. நம்பி, ராமே என்னும் ஊருக்குச் சென்றனர். தவணை முடிந்தும் திரும்ப விடவில்லை. வழக்குத் தொடுத்தனர். முறையான வெளியேற்ற ஆணை இல்லாதவரை அவர்களைத் தடுக்கலாகாது என 1951 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வாரங்களில் அந்த ஆணையே பிறந்தது! அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா வேளையில் படையினர் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தனர். ஆலயமும் கல்லறைத் தோட்டமுமே எஞ்சின.

பின் வந்ததுதான் சட்டம். 1952 ஏப்ரல் 1 அன்று உரிமையாளர் கைவசம் இல்லாத நிலத்தைப் பாதுகாப்பு, குடியேற்றம் போன்ற தேவைகளுக்காக அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது 1953இன் நிலக் கையகச் சட்டம். அதில் 'அரபு' என்ற சொல்லே இல்லை. துரத்தப்பட்டவன் கையில் நிலம் எப்படி இருக்கும்? இக்ரித்தின் நிலமும் இச்சட்டத்தின்படியே போயிற்று. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு பறித்தபோதும் விசாரணை நடந்தது, சாட்சிகள் இருவர் நிறுத்தப்பட்டனர் என்பது நினைவுக்கு வருகிறது.

2018இல் அந்த மறைப்பும் விலகியது. நாட்டில் தன்னாட்சி உரிமை யூத மக்களுக்கே உரியது என்று அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சிமொழியாயிருந்த அரபு, 'சிறப்புத் தகுதி' மொழியாகத் தாழ்ந்தது. தனிமனித உரிமை எதையும் இது தொடவில்லை என்கின்றனர் ஆதரவாளர். 2021இல் உச்ச நீதிமன்றமும் பதினொரு நீதிபதிகளில் பதின்மர் இசைவோடு அதை நிலைநிறுத்தியது. எதிர்த்துத் தீர்ப்பெழுதிய ஒருவர் அரபு நீதிபதி.

இக்ரித் மக்களுக்காக மெல்கித் பேராயர் யோசேப்பு ராயா 1972இல் போராடினார். கோல்டா மேயர் அரசு இணங்கவில்லை. 2003இல் உச்ச நீதிமன்றமும் அவர்களது மனுவைத் தள்ளியது. இறந்தோரை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்ய 1970களில் இசைவு கிடைத்தது. வீடு கட்ட இன்றளவும் கிடைக்கவில்லை.