கிசோ மலைப்பாதை

யப்பான் நாட்டின் நடுப்பகுதியிலே, உயர்ந்த மலைத்தொடர்களுக்கு இடையில் கிசோ என்னும் ஆறு ஓடுகின்றது. அவ்வாற்றை அடுத்த மலைப்புறத்தில் மாகோமே, சுமாகோ என இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாதை எட்டுக் கிலோமீற்றர் அளவினது. இடையிலுள்ள கணவாயின் உயரம் ஏறத்தாழ 800 மீற்றர். முதுகிலே பையைச் சுமந்து, கையிலே கோலூன்றி, மூன்று மணி நேரம் இப்பாதையில் நடப்பதற்கென்றே பல நாட்டு மக்கள் இன்று அங்கு வந்து சேருகின்றனர். கல் பாவிய ஏற்றங்களும், நெடுமரச் சோலைகளும், ஆண் அருவி, பெண் அருவி என்று பெயர்பெற்ற இரு நீர்வீழ்ச்சிகளும் வழியில் உள்ளன. ஓசை கேட்டுக் கரடிகள் விலகிப் போகும் பொருட்டு, நடப்போர் அடித்துச் செல்வதற்கென ஆங்காங்கே மணிகள் தொங்குகின்றன. சுமாகோவை அடைந்தால் இருமருங்கும் மரவீடுகள். பழைய தெருவில் மின்கம்பம் ஒன்றேனும் கண்ணிற் படாது.

நேயர்களே, இவ்வழகைப் பாடவும் படம்பிடிக்கவும் பலர் உளர். இப்பாதையிலே முன்னாளில் யார் சுமை சுமந்தனர், எதற்காகச் சுமந்தனர் என்பதையே நான் சொல்ல முற்படுகின்றேன்.

1603ஆம் ஆண்டு சோகன் பதவியை ஏற்ற தொக்குகாவா இயெயாசு, இன்று டோக்கியோ என வழங்கும் எடோவை ஆட்சியின் இருப்பிடமாக்கினார். பேரரசரோ பழைய தலைநகரான கியோத்தோவிலேயே இருந்தார். இரு நகரங்களையும் இணைத்த பெருவழிகள் இரண்டு. ஒன்று கடலோரமாகச் சென்றது. மற்றது மலைகளின் ஊடே சென்றது. அதன் பெயரான நக்கசெண்டோ என்பதற்கே மலையிடை வழி என்பது பொருள். ஏறத்தாழ 530 கிலோமீற்றர் நீண்ட அவ்வழியில் 69 தங்கற்பேட்டைகள் இருந்தன. எடோவிலிருந்து எண்ணினால் சுமாகோ 42ஆவது, மாகோமே 43ஆவது. 1843ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமாகோவில் வீடுகள் 83, மக்கள் 418 பேர். அவ்வளவு சிறிய ஊரில் வழிப்போக்கர் விடுதிகள் மட்டும் 31. பிரபுக்கள் தங்குதற்கு ஹொஞ்ஜின் என்னும் தலைமை விடுதி ஒன்றும், அதற்குத் துணையாக இன்னொன்றும் இருந்தன. ஊர் முழுவதுமே வழியை நம்பி வாழ்ந்தது எனலாம்.

வழியோ ஊரை நம்பியிருந்தது. கிசோப் பகுதியின் ஒவ்வொரு பேட்டையும் 25 சுமைகாரரையும் 25 குதிரைகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது அரசின் கட்டளை. அரசாங்கக் காரியமாகச் செல்வோரின் பொதிகளை இவர்கள் அடுத்த பேட்டைவரை கொண்டுசென்று ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கிடைத்த கூலி சந்தைக் கூலியிலும் குறைவு. சிலருக்கு இலவசமாகவே சுமக்க வேண்டியிருந்தது. 1635இல் பிரபுக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் வாழ வேண்டுமென்று சட்டம் வந்தது. அவர்களோ பரிவாரமின்றிப் பயணம் செய்பவரல்லர். பேட்டையின் ஆளும் குதிரையும் போதாதவிடத்து, சுற்றுக் கிராமங்களின் உழவர் தம் வயலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரவேண்டும். நாற்று நடும் வேளையில் ஆளை அழைத்தால் உழவன் கதி என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வூழியத்தை மேலும் பல கிராமங்களின் மேற் சுமத்த முற்பட்டபோது, 1764-65 மாரிகாலத்தில், இதே பெருவழியின் கிழக்குப் பகுதியில் உழவர் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்தனர். அரசு அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

இப்பாதை கண்ட பயணங்களிற் பெரியது 1861இல் நிகழ்ந்தது. பேரரசர் கோமேயின் தங்கையான கசுனோமியா, சோகன் இயெமோச்சியை மணப்பதற்காகக் கியோத்தோவிலிருந்து எடோவுக்கு இவ்வழியாகவே அழைத்துச் செல்லப்பட்டார். அரசியலுக்காக முடிக்கப்பட்ட திருமணம். மணமகளுக்கு அதில் விருப்பமிருக்கவில்லை. அப்பெண்ணின் துயரத்தை யப்பானியர் பலவாறு எழுதியுள்ளனர். அவ்வூர்வலத்துக்காகப் பல்லாயிரம் பேர் திரட்டப்பட்டு, குளிரிலே கணவாய் ஏறினரே, அவர்கள் துயரத்தை எழுதினோர் சிலரே.

சுமந்தது போதாதென்று, காட்டிலும் அவர்களுக்கு உரிமை இல்லை. கிசோக் காடுகள் ஓவாரிப் பிரபுவின் உடைமை. ஹினோக்கி என்னும் மரம் கோட்டைக்கும் கோயிலுக்கும் வேண்டப்பட்ட உயர்ந்த மரம். அதனையும் அதையொத்த வேறு நான்கு வகை மரங்களையும் ஊரார் வெட்டுதல் கூடாது. மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று என்பது அந்நாட் பேச்சு. காட்டின் நடுவே பிறந்து வளர்ந்தவன், தன் வீட்டுக்கு நல்ல மரம் எடுக்க முடியாது. இன்று சுமாகோவிலே காண்போர் வியக்கும் துணைவிடுதி முழுதும் ஹினோக்கி மரத்தால் ஆனது. பிரபுக்கள் காலத்து மாளிகை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது 1877இல், அத்தடை நீங்கிய பின்னரே கட்டப்பட்டது. பழைய காலத்திலே அவ்வீட்டை அவ்வாறு கட்டியிருக்கவே முடியாது.

1868இல் சோகன் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி ஆட்சி எழுந்தபோது, காடு இனித் தமக்கே என்று மலைமக்கள் நம்பினர். புதிய அரசு பெரும்பகுதிக் காட்டைத் தன் உடைமையாக்கி, பழைய தடையைக் காட்டிலும் இறுக்கமான தடையை விதித்தது. மாகோமேயில் தலைமை விடுதியை நடத்திவந்த ஷிமசாக்கி மசாக்கி என்பவர் ஊராருக்காக மனு எழுதி முன்னின்றார். அதன் பயனாகத் தம் பதவியை இழந்தார். புதிய காலத்தை அவர்போல் ஆவலோடு எதிர்பார்த்திருந்தவர் அம்மலையில் வேறெவருமில்லை எனலாம். மனம் பேதலித்து, வீட்டுக் காவலிலே 1886இல் அவர் மாண்டார். அவருடைய மகன் ஷிமசாக்கி தோசொன் யப்பானின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவர். தந்தையின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு, ‘விடியலுக்கு முன்’ என்று பொருள்படும் தலைப்பில், 1929 முதல் 1935 வரை ஒரு பெருநாவலை வெளியிட்டார். நாட்டின் வரலாறு தலைநகரில் நடப்பது மட்டுமன்று, கணவாய் ஓரத்து ஒரு வீட்டிலும் நடப்பது என்பதை அந்நாவல் காட்டும். வரலாறு கற்பிப்போர் மொழிபெயர்ப்பிலாவது அதனைப் படித்தல் நன்று.

பேட்டை முறை 1872இல் ஒழிந்தது. பின்பு ஆற்றோரமாகப் புதிய தெரு போடப்பட்டது. 1911இல் புகையிரதப் பாதையும் முழுமையாயிற்று. இரண்டும் சுமாகோவை விலக்கியே சென்றன. மாகோமே 1895இல் பெருந்தீக்கு இரையாகி, தலைமை விடுதியையும் இழந்தது. சுமாகோ எரியவில்லை, மெல்ல மெல்லத் தேய்ந்தது. புதிய வீடு கட்டப் பொருளில்லாமையால் பழைய வீடுகள் நின்றன. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். இன்று பழமை என்று நாம் போற்றுவதில் பெரும்பங்கு அன்றைய வறுமையே.

1960களின் நடுப்பகுதியில், ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் மற்றையோரும் வீடு வீடாகச் சென்று, கழித்துவிட இருந்த பழைய பொருள்களையும் ஏடுகளையும் திரட்டலாயினர். ஆசிரியத் தொழிலில் இருப்பவனாதலால் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருகின்றது. 1968இல் வீடுகளைச் செப்பனிடும் பணி தொடங்கியது. டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓத்தா ஹிரோத்தாரோ அதற்கு வழிகாட்டினார். 1971இல் ஊரார் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்: வீட்டையும் நிலத்தையும் காட்டையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை.

மூன்றினுள் இடிப்பதில்லை என்பது எளிது. மற்றை இரண்டுமே கடினமானவை என்பது என் கருத்து. பயணிகள் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறும். வெளியூர் வணிகர் பணப்பையுடன் வருவர். எத்தனையோ தலைமுறையாகக் காட்டில் ஒரு மரத்துக்கும் உரிமையில்லாதிருந்த மக்கள், தமக்கென்று கிடைத்த மண்ணை விலைபேசும் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தனர். 1976இல் அரசு பாதுகாத்த முதற் பழந்தெருக்களுள் சுமாகோவும் ஒன்றாயிற்று. தலைமை விடுதி 1995இல் பழைய இடத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. பகல் வேளையில் மோட்டார் வண்டிகள் தெருவுக்குள் நுழைவதில்லை.

இன்னுமொரு செய்தியும் உண்டு. பையைச் சுமந்து கணவாய் ஏற இயலாதோர், சிறு கட்டணம் செலுத்தி, காலையில் ஓரூரின் பயணிகள் நிலையத்தில் அதனை ஒப்படைக்கலாம். சுற்றுலாப் பருவத்தில் அது வண்டியிலேறி, அன்று பிற்பகலே அடுத்த ஊரில் அவர்கள் வரவை எதிர்பார்த்திருக்கும். மாகோமேயிலிருந்து சுமாகோவுக்கு, 43ஆவது பேட்டையிலிருந்து 42ஆவது பேட்டைக்கு, பொதிகள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.