பல் இழந்த ட்ரம்பட் கலைஞரும் ஒரு பத்து வருடக் கணக்கும்

ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங். அவருக்கு முன்பே நியூ ஓர்லியன்ஸ் நகரில் ட்ரம்பட் வாசித்தவர்களுள் ஒருவர் பங்க் ஜோன்சன். வரலாறு படிப்போர் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1931இல் லூசியானா மாநிலத்தின் ரேய்ன் என்ற ஊரில் நடன நிகழ்ச்சியொன்றில் வன்முறை வெடித்தது. குழுத் தலைவர் இவான் தோமஸ் மேடையிலேயே கொல்லப்பட்டார். ஜோன்சனின் ட்ரம்பட் அழிந்தது. முன்பற்களும் இல்லாமல் போயின. ட்ரம்பட் ஊதுபவரின் உதட்டைப் பின்னாலிருந்து தாங்குபவை பற்கள்தான். பல் போனதோடு தொழிலும் போனது. நியூ ஐபீரியாவில் லொறி ஓட்டியும் கூலி வேலை செய்தும் பிழைத்தார்.

1939இல் வெளியான 'ஜாஸ்மென்' நூலுக்காகப் பழைய கலைஞர்களைத் தேடியவர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். பல்லும் ட்ரம்பட்டும் கிடைத்தால் மீண்டும் வாசிப்பேன் என்று அவர் கடிதம் எழுதினார். இரண்டும் கிடைத்தன. பல் கட்டிக் கொடுத்தவர், புகழ்பெற்ற கலைஞர் சிட்னி பெஷேயின் சகோதரரான பல் வைத்தியர் லியோனார்ட். 1942இல்தான் அவரது முதல் இசைத்தட்டுப் பதிவு நடந்தது. 1945இல் நியூயோர்க்கின் ஸ்டைவெசன்ட் கசினோவில் அவர் வாசித்தபோது பழைய நியூ ஓர்லியன்ஸ் இசைக்குப் புது ரசிகர் கூட்டம் உருவானது. 1949இல் காலமானார்.

இனித்தான் பாடம். தாம் 1879இல் பிறந்ததாகவும், ஜாஸின் முன்னோடி படி போல்டனின் குழுவில் வாசித்ததாகவும், ஆம்ஸ்ட்ரோங்குக்குக் கற்றுக் கொடுத்ததாகவும் அவர் சொன்னார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அவர் பிறந்தது 1889 அளவில் என்கிறார்கள். போல்டன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது 1907இல். அப்படியானால் அப்போது ஜோன்சனுக்கு வயது பதினெட்டுத்தான். ஆம்ஸ்ட்ரோங்கோ, தன் குரு கிங் ஒலிவர் என்றார்.

ஹதீஸ் கலையில் நம் முன்னோர் செய்ததும் இதுதான். அறிவிப்பாளர் எப்போது பிறந்தார், யாரைச் சந்தித்திருக்க முடியும் என்று ஆண்டுக் கணக்குப் பார்த்தார்கள். நல்லவர் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்கவில்லை.

அதற்காக ஜோன்சனைப் பொய்யர் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. போல்டனின் வாசிப்பு எந்தப் பதிவிலும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து ஓசை எப்படி இருந்தது என்பதற்கு ஜோன்சனின் இசைத்தட்டுகள் இன்றும் ஒரு சாட்சி. அவர் சொன்ன வயதைச் சந்தேகிக்கலாம். அவர் ஊதியதைக் கேட்டே ஆக வேண்டும்.

நம் ஊர் மூத்தோரின் பேச்சையும் இப்படியே பதிவு செய்வோம், அவர்கள் இருக்கும்போதே. மரியாதையோடு கேட்போம். ஆண்டையும் சரிபார்ப்போம்.