விலை நின்றது, அளவு நகர்ந்தது: இந்தியப் பொட்டலப் பொருள்களில் எடைக் குறைப்பின் வரலாறு

சென்னை மாகாணத்தின் 19-ஆம் நூற்றாண்டு விலைப் பதிவேடுகளைப் புரட்டுபவருக்கு முதலில் ஒரு தடுமாற்றம் வரும். பஞ்சம் முற்ற முற்ற அட்டவணையில் எண்கள் ஏறுவதில்லை, இறங்குகின்றன. அன்றைய அலுவலர்கள் தானிய விலையை எழுதிய முறைதான் காரணம். ஒரு சேர் எத்தனை அணா என்று அவர்கள் எழுதவில்லை. ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் என்று எழுதினார்கள். ரூபாய் அசையாமல் நிற்கும், தானியம் கூடும் குறையும். 1876–78 பெரும்பஞ்சத்தின் கொடுமையும் இப்படித்தான் கணக்கிடப்பட்டது. சந்தையில் பேச்சும் அதுவே: ரூபாய்க்கு எத்தனை படி?

ஆகவே, பணத்தை நிறுத்திவைத்துப் பொருளின் அளவை நகர்த்துவது இன்றைய பிஸ்கட், சோப்பு நிறுவனங்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நடப்பிலிருந்த ரொட்டிச் சட்டம் இதையே அரசாணையாக்கியிருந்தது. காசுக்கு ஒரு ரொட்டி என்ற விலை மாறாது. கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை எவ்வளவு குறையவேண்டும் என்பதற்கு அட்டவணை இருந்தது. அமெரிக்காவில் ஹெர்ஷி நிறுவனத்தின் சாக்லேட் 1969 வரை ஐந்து சென்ட்டுக்கே விற்றது; கொக்கோ விலைக்கு ஏற்ப அதன் எடை பலமுறை கூடிக் குறைந்தது.

பழைய முறைக்கும் இன்றைய முறைக்கும் வேறுபாடு அளவு நகர்கிறதா என்பதில் இல்லை. அந்த நகர்வு யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. படியால் அளந்தபோது வாங்குபவர் எதிரிலேயே நின்றார். ரொட்டியின் எடையை ஊரறிய அறிவித்தார்கள். இந்தியாவில் அரை நூற்றாண்டாக எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் வந்த பொட்டல விதிகள், இந்த நகர்வைப் படிப்படியாக வாங்குபவரின் பார்வையிலிருந்து எப்படி நழுவவிட்டன என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

அளவைக் கட்டிய காலம்

1956-இல் இயற்றப்பட்ட எடையளவுச் சட்டம் படி, சேர், வீசை, பலம் ஆகியவற்றின் இடத்தில் கிராமையும் லிட்டரையும் வைத்தது. 1962-க்குள் மெட்ரிக் அளவு நாடெங்கும் கட்டாயமாயிற்று. அன்று மளிகைக்கடையில் பெரும்பாலான பொருள் சாக்கிலிருந்து தராசுக்கும், தராசிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்துக்கும் போயிற்று. ஆய்வாளர் சோதிக்கவேண்டியது எடைக்கல்லையும் தராசையும்தான்.

ஆலையிலேயே கட்டி முத்திரையிட்ட பொட்டலம் பெருகியபோது இந்த முறை போதாமற்போனது. வாங்குபவர் எடை போட்டுப் பார்க்காமல் நம்பி வாங்கவேண்டிய நிலை வந்தது. 1975-இல் பொட்டலப் பொருள்களுக்கெனத் தனி ஆணை பிறந்தது; 1976-இல் புதிய எடையளவுச் சட்டமும் 1977-இல் அதன்கீழ்ப் பொட்டலப் பொருள் விதிகளும் வந்தன. நிகர எடை, தயாரித்தவர் பெயர், தயாரித்த மாதம், விலை ஆகியவற்றை அச்சிடவேண்டும் என்பது அதில் எல்லாரும் அறிந்த பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி விதிகளின் பின்னிணைப்பில் இருந்தது. தேயிலை, காப்பி, பிஸ்கட், ரொட்டி, வெண்ணெய், சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு, குழந்தை உணவு போன்ற அன்றாடப் பொருள்களை எந்தெந்த அளவுகளில் மட்டும் கட்டலாம் என்று அது வரையறுத்தது.

இந்தப் பின்னிணைப்பின் அருமை இப்போதுதான் தெரிகிறது என்பது என் கருத்து. எல்லா நிறுவனங்களும் 100 கிராமில் கட்டினால் இரண்டு பொட்டலங்களை ஒப்பிட வாங்குபவருக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. விலையைப் பார்த்தால் போதும். எழுத்தறியாதவரும் கையில் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 100-ஐ 93 ஆக்குவது எளிதல்ல.

எளிதல்ல என்றாலும் வழி இருந்தது. வரையறையில் இல்லாத அளவில் கட்டுபவர், இது நிலையான அளவன்று என்று பொட்டலத்தில் அச்சிட்டால் போதும் என்றொரு விலக்கு இருந்தது. 2009-இன் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-இன் புதிய விதிகளும் வந்தபிறகு, 2012-இல் அந்த விலக்கு அடைக்கப்பட்டது. அந்த இறுக்கம் பத்தாண்டுதான் நீடித்தது.

இடையில் 1990-இல் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலையை, நாம் எம்.ஆர்.பி. என்று சொல்வதை, பொட்டலத்தில் அச்சிடுவது கட்டாயமாயிற்று. உள்ளூர் வரி தனி என்று சொல்லிக் கடைக்காரர் கூடுதலாகக் கேட்பதை அது நிறுத்தியது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லமுடியாது. ஆனால் வாங்குபவரின் கண்ணை ஒரே எண்ணில் பதியவைத்ததும் அதுதான். விலைக்கு உச்சவரம்பு கேட்கும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது; அளவுக்குக் கீழ்வரம்பு கேட்கும் பழக்கம் உருவாகவே இல்லை.

சில்லறைக் காசின் ஆட்சி

கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் குடும்பத்தின் வெல்வெட், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலின் சிக் ஆகிய ஷாம்புகள் அந்த வழியைத் தமிழகத்திலிருந்து நாடெங்கும் கொண்டுபோயின. புட்டி வாங்க முடியாத வீட்டுக்கு ஷாம்பு போனது உண்மையான சாதனை. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று செலவு செய்யும் குடும்பத்துக்கு ஒருநாள் அளவில் பொருள் கிடைப்பது பெரிய விஷயம்.

அதோடு சேர்ந்து விலை நாணயத்தோடு கட்டப்பட்டது. ஐம்பது காசு, ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து. இவற்றுக்கு நடுவில் விலை நிற்க இடமில்லை. 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 காசும் அதற்குக் கீழானவையும் செல்லாதவையாயின. ஐம்பது காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடைகளில் வாங்குவாரில்லை. ஐந்து ரூபாய்ப் பொருளின் செலவு பத்து விழுக்காடு கூடினால் ஐந்தரை ரூபாய் என்று விற்க முடியாது. அடுத்த படியான பத்துக்குப் போனால் விலை இருமடங்கு. ஆகவே கிராம் குறைந்தது. இந்த அளவுக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் நியாயமானதே.

இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு பார்லே-ஜி. 1994-இல் நான்கு ரூபாயான சிறிய பாக்கெட்டின் விலை 2021 வரை அப்படியே இருந்தது. இதழ்களில் வெளியான கணக்குப்படி 100 கிராமாக இருந்த அந்தப் பாக்கெட் 92.5, 88 என்று இறங்கி, ஐந்து ரூபாயானபோது 55 கிராமில் நின்றது. கிராமுக்கு 4 காசாக இருந்தது சுமார் 9 காசாயிற்று. இதை மோசடி என்று முத்திரை குத்துபவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்கவேண்டும். அதே காலத்தில் தொழிலாளர் நுகர்வு விலைக் குறியீட்டின்படி பொது விலைவாசி ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. உண்மை மதிப்பில் அந்த பிஸ்கட் மலிவாகவே ஆகியிருக்கிறது. எடைக் குறைப்பு என்றாலே கொள்ளை என்ற பேச்சை இந்த வரலாறு தாங்காது.

ஆனால் 2022-இல் நடந்தது வேறு வேகம். உக்ரைன் போரும் இந்தோனேசியாவின் பாமாயில் ஏற்றுமதித் தடையும் சேர்ந்து மூலப்பொருள் விலையை உயர்த்திய அந்த ஆண்டில், பத்து ரூபாய் விம் கட்டி 155 கிராமிலிருந்து 135-க்கும், பத்து ரூபாய் ஹல்திராம் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42-க்கும் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. இரண்டாவதில் அளவு குறைந்தது 24 விழுக்காடு. கிராமுக்கான விலை ஏறியதோ 31 விழுக்காடு. எடைக் குறைப்பின் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும். அளவு பாதியாகும்போது கிராமுக்கான விலை இருமடங்கு ஆகிறது, ஆனால் "50 விழுக்காடு" என்ற எண்தான் கண்ணில் படும்.

பொதுத்துறையும் கூட்டுறவும் இதற்கு விலக்கல்ல. 2023 இறுதியில் ஆவின் பச்சைப் பாக்கெட் பாலுக்குப் பதிலாக ஊதாப் பாக்கெட்டை முன்னிறுத்தியபோது அரை லிட்டர் விலை 22 ரூபாயாகவே இருந்தது, கொழுப்பு 4.5-லிருந்து 3.5 விழுக்காடாக இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 450 மி.லி. பால் 25 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டது. சத்துக்கள் சேர்த்த புதிய வகை என்று விளக்கம் தரப்பட்டாலும், லிட்டர் 44 ரூபாய் என்பது 55 ரூபாய்க்கு மேலாகிறது என்று அரசியல் கட்சிகள் கணக்குப் போட்டுக் காட்டின. கணக்கு சரியானதே.

2021: கட்டு அவிழ்ந்தது

நிலையான அளவுகளின் பின்னிணைப்பை நீக்கும் திருத்தம் 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சிலமுறை தள்ளிப்போய்ப் பின்னர் நடைமுறைக்கு வந்தது. இனி எந்தப் பொருளையும் எந்த அளவிலும் கட்டலாம். அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்ற அலகு விலையை அச்சிடவேண்டும். கட்டுப்பாட்டுக்குப் பதில் தகவல் என்பது இந்த மாற்றத்தின் தத்துவம். முதல் விளைவு சமையல் எண்ணெயில் தெரிந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். அதைவிடக் குறைந்த பல அளவுகளில், பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே தோன்றும் பைகள் வந்தன. நிலையான அளவுகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று தாவர எண்ணெய் உற்பத்தியாளர் சங்கமே அரசைக் கேட்கும் நிலை வந்தது.

அலகு விலை நல்ல கருவி. அதைச் செய்த விதம்தான் பழுதானது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று, இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி அச்சிடவேண்டும் என்கிறது விதி. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். 58 கிராம் என்றால் கிராமுக்கு 0.086 ரூபாய், அச்சில் 0.09. எடையை 53 கிராமாகக் குறைத்தால் 0.094, அச்சில் அதுவும் 0.09. ஐந்து கிராம் போய்விட்டது, விலை ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிட்டது, அலகு விலை அசையவில்லை. பெரிய பொட்டலத்தில் இந்தப் பிழை சிறிது. பொட்டலம் மலிவாக ஆக ஆகப் பெரிது. இன்னும் கீழே போனால் தகவலே இல்லை. 10 கிராம் அல்லது 10 மி.லி.க்கு மேற்படாத பொட்டலங்களுக்கு இந்த விதிகளில் பெரும்பகுதி பொருந்தாது. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட் அந்த விலக்கில் அடங்கிவிடுகிறது. எவர் சிறுகச் சிறுக வாங்கி வாழ்கிறாரோ அவருக்குத்தான் சட்டம் தரும் தகவல் மிகக் குறைவு. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த விதிகளை அமல்செய்வது தொழிலாளர் துறை. ஆய்வாளர் வந்து 53 கிராம் என்று அச்சிட்டிருப்பதில் 53 கிராம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். போன மாதம் 58 இருந்தது என்பது அவருடைய படிவத்தில் எங்கும் இடம்பெறாது.

கூட்டினால் குற்றம், குறைத்தால்?

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரியுடன், வரி குறைந்தால் அதற்கேற்ப விலையைக் குறைக்கவேண்டும் என்ற பிரிவும் வந்தது. சில நிறுவனங்கள் விலையைக் குறைக்காமல் கிராமைக் கூட்டிக் கொடுத்தோம் என்று வாதாடின. 2024 ஜனவரியில் அந்தப் பிரிவு செல்லும் என்று உறுதிசெய்த தில்லி உயர் நீதிமன்றம், விலைக் குறைப்பு என்றால் விலையில்தான் குறையவேண்டும் என்று கருதியது. 2025 செப்டம்பரில் இன்னொரு வழக்கிலும், கேளாமலே அளவைக் கூட்டிப் பழைய விலையை வாங்குவதை அது கண்டித்தது.

அதே செப்டம்பர் 22-இல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 விழுக்காடாயிற்று. ஐந்து ரூபாய் பிஸ்கட்டை 4 ரூபாய் 45 காசுக்கு விற்கவேண்டிய நிலை வந்தது. திருப்பித்தர 55 காசு எந்தக் கடையிலும் இல்லை. கிராமைக் கூட்டுகிறோம், விலையை விட்டுவிடுங்கள் என்று நிறுவனங்கள் கேட்டன. மூன்று பதிற்றாண்டுகளாகக் குறைந்தே வந்த எடை, வரலாற்றில் அரிதாக, மேல்நோக்கி நகர்ந்தது.

வரிச் சட்டத்தையும் எடையளவுச் சட்டத்தையும் சேர்த்து வைத்தால் ஓர் ஓரவஞ்சனை புலப்படும். அளவைக் கூட்டுவது விலையைக் குறைத்ததாகாது என்று வரிச் சட்டத்தின் பிரிவுக்கு நீதிமன்றம் தீர்க்கமாகப் பொருள் சொன்னது. அளவைக் குறைப்பது விலையை ஏற்றியதாகும் என்று எடையளவுச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. முன்னதில் அரசின் வரி சம்பந்தப்பட்டிருக்கிறது. பின்னதில் வாங்குபவரின் வயிறு மட்டுமே.

பிரான்ஸ் 2024 ஜூலை 1 முதல் வேறு வழியில் போகிறது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், ஒரு பொருளின் அளவு குறைந்து அலகு விலை ஏறியிருந்தால், அதை இரண்டு மாதம் பொருளருகே அறிவிக்கவேண்டும். பேரங்காடிக்கு ஏற்ற இந்த விதி நம் பெட்டிக்கடைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அறிவிப்பு பொட்டலத்தின் மேலேயே வரவேண்டும். குறைக்கும் நிறுவனம் பழைய எடையையும் புதிய எடையையும் அடுத்தடுத்து, விலையெண்ணுக்கு ஒத்த எழுத்தில், சில மாதங்களுக்கு அச்சிடட்டும். அலகு விலையைக் கிராமுக்குச் சொல்லாமல் 100 கிராமுக்குச் சொல்லட்டும். அப்போது 8 ரூபாய் 62 காசும் 9 ரூபாய் 43 காசும் ஒன்றாகத் தோன்றாது. 10 கிராம் விலக்கை உணவுக்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் எடுத்துவிடவேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2009 சட்டத்தின்கீழ் நுகர்வோர் விவகார அமைச்சகம் விதியைத் திருத்தினால் போதும். நிலையான அளவுகளை 2021-இல் நீக்கியதும் அப்படியொரு அறிவிக்கைதான்.